குழித்துறையா, குன்னத்துக்காலா? எல்லைக் கிராமங்களின் பெயர்ப்பட்டியலும் எழுத்து வரிசையின் வரலாறும்

குழித்துறை தமிழ்நாட்டில் உள்ளது; குன்னத்துக்கால் கேரளத்தில் உள்ளது. இவ்விரண்டு ஊர்களையும் ஒரே பட்டியலில் அகரவரிசைப்படி எழுதவேண்டுமாயின் எது முதலில் வரும்? தமிழ் அகராதி மரபில் குழித்துறையே முதலில் வரும். ழகரம் னகரத்துக்கு முற்பட்டது. மலையாள அகராதி மரபில் குன்னத்துக்கால் முந்திவிடும். அங்கு ழகரம் நெடுங்கணக்கின் கடைக்கோடியில் இருக்கிறது. கணினியின் கட்டளை வரியில், மொழி எதுவென்று சொல்லாமல், தமிழ் எழுத்தில் அமைந்த இவ்விரு பெயர்களையும் வரிசைப்படுத்தச் சொன்னாலும் குன்னத்துக்காலே முந்துகிறது. ஆனால் அதற்கான காரணம் மலையாள மரபும் அன்று, தமிழ் மரபும் அன்று. அது வேறொரு வரலாற்றின் விளைவு. அவ்வரலாற்றைப் புரிந்துகொள்ள, நெய்யாற்றின்கரை வட்டத்துத் தனுவச்சபுரம் போன்ற இருமொழி எல்லைக் கிராமங்களைக் காட்டிலும் பொருத்தமான இடம் அரிது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கையில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளை ஒருபுறமும் பாறசாலை மறுபுறமும் ஆயின. 1964இல் தனுவச்சபுரத்தில் தொடங்கப்பட்ட கல்லூரி வேலுத்தம்பி தளவாயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் பிறந்த தலக்குளமோ எல்லைக்கு இப்பால், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. பெயர்கள் எல்லையைத் தாண்டிக்கொண்டே இருந்தன. அவற்றை அடுக்கும் முறைகள் மட்டும் இரண்டாகப் பிரிந்தன.

தமிழ் எழுத்துகளின் முறைவைப்பு மிகப் பழையது. அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் முப்பது எழுத்துகளைத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. நன்னூல் ஒருபடி மேலே சென்று, எழுத்துகள் ஏன் இந்த முறையில் நிற்கின்றன என்பதற்குச் சிறப்பையும் இனத்தையும் காரணமாகக் காட்டுகிறது. வல்லினமும் அதன் இன மெல்லினமும் இணை இணையாக வருகின்றன. பின்னர் மகரத்தை அடுத்து இடையினம். இறுதியில் றகரமும் னகரமும். வடமொழி நெடுங்கணக்கில் இல்லாத ழ, ற, ன ஆகியவை கடைசிப் பகுதியில் ஒருங்கே நிற்பது கருதத்தக்கது.

எனினும், எழுத்துகளுக்கு வரிசை இருந்தது என்பதும், சொற்கள் அவ்வரிசையில் அடுக்கப்பட்டன என்பதும் ஒன்றல்ல. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் சொற்களைப் பொருள்வகையால் தொகுத்தன: தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்றவாறு. மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு அகரவரிசை தேவைப்படவில்லை; செய்யுளின் ஓசையே அவனுக்கு வழிகாட்டியது. 1594இல் சிதம்பர ரேவணசித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்தின் அகரவரிசையில் அமைத்தது. அகரத்தை ஆதியாகக் கொண்டது என்னும் அந்நூற்பெயரே பின்னர் அத்தகைய நூல்வகை முழுமைக்கும் பெயராயிற்று. 1679இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சான அந்தாம் தெ புரோயன்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியும், 1732இல் வீரமாமுனிவர் முடித்த சதுரகராதியும் மேலைநாட்டு அகராதி முறையைத் தமிழுக்குப் பழக்கின. மனத்தில் இருந்து எடுக்கும் நூல், கண்ணால் தேடும் நூலாயிற்று.

தேடும் நூலுக்கு முதலெழுத்து மட்டும் போதாது. இரண்டாம், மூன்றாம் எழுத்துகளுக்கும் விதி வேண்டும். மெய் முந்துமா, உயிர்மெய் முந்துமா? ஆய்தம் எங்கே? ஜ, ஷ, ஸ, ஹ எங்கே? இவ்வினாக்களுக்கு இலக்கண நூல்களில் நேரடி விடை இல்லை; அகராதித் தொகுப்பாளர்களே விடை கண்டனர். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இவ்வழக்கை நிலைநிறுத்தியது. ஆய்தம் உயிருக்கும் மெய்க்கும் இடையில் நிற்கும். புள்ளி பெற்ற மெய் உயிர்மெய்க்கு முந்தும். ஆகவே ‘கல்வி’ முன்னர், ‘கலை’ பின்னர். அதன் பதிப்பாசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராக இருந்தவர். பிற்காலத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் பணியாற்றியவர். தமிழ் அகரவரிசையின் இறுதி வடிவத்தில் தென் திருவிதாங்கூருக்கும் ஒரு பங்கு உண்டு.

மலையாளத்தின் கதை வேறு. இப்பகுதியில் நெடுங்காலம் வழங்கியது வட்டெழுத்து. முஞ்சிறைக்கு அருகில் உள்ள பார்த்திவசேகரபுரத்து ஆய் மன்னன் கருநந்தடக்கனின் 9-ஆம் நூற்றாண்டுச் செப்பேடு அதற்குச் சான்று. வட்டெழுத்தின் வழிவந்த மலையாண்மையும் கோலெழுத்தும் திருவிதாங்கூர் ஓலைகளில் மிகப் பிற்காலம் வரை நீடித்தன. வட்டெழுத்தில் வடமொழிக்குரிய வருக்க ஒலிகளுக்குத் தனி எழுத்துகள் இல்லை. கிரந்தத்தின் வழிவந்த ஆரிய எழுத்து மலையாளத்தின் பொது எழுத்தாக நிலைபெற்றபோது, வடமொழி நெடுங்கணக்கின் முறையும் உடன் வந்தது. அம்முறையில் இடம் இல்லாத ள, ழ, ற ஆகியவை ஹகரத்துக்குப் பின்னர் இறுதியில் சேர்க்கப்பட்டன. 1917 முதல் 1923 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஸ்ரீகண்டேசுவரம் பத்மநாப பிள்ளையின் சப்த தாராவலி போன்ற அகராதிகளின் வழியே இம்முறை வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் சென்றது.

ஆக, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பாறசாலை எல்லையின் இருபுறமும் இரண்டு முழுமையான வரிசைகள் இருந்தன. இரண்டும் ழ, ள, ற ஆகியவற்றை வகரத்துக்குப் பின்னரே வைத்தன. வேற்றுமை மூன்று இடங்களில் இருந்தது. தமிழில் னகரம் கடைசி. மலையாளத்தில் ஒரே எழுத்து நகரத்துக்கும் னகரத்துக்கும் நிற்பதால் அது தவருக்கத்தின் முடிவிலேயே அமைந்துவிடுகிறது. மலையாளத்தில் ஜகரம் சவருக்கத்தின் நடுவில் நிற்கிறது. தமிழ் அகராதிகள் அதைப் பெரும்பாலும் இறுதிக்கு ஒதுக்கின. தமிழில் ஒரே பகரம் தாங்கும் பெயர்கள் மலையாளத்தில் இரண்டாகப் பிரிகின்றன: பாறசாலைக்கு ஒரு ப, பாலராமபுரத்துக்கு வேறொரு ப.

கணினி வந்தபோது இவ்விரு வரிசைகளில் எதையும் அது ஏற்கவில்லை. இந்திய அரசின் மின்னணுவியல் துறை 1980களில் வகுத்த இஸ்கி குறியேற்றத்தின் நோக்கம், பிராமி வழிவந்த எழுத்துகள் அனைத்தையும் ஒரே அட்டவணையில் அடக்குவது. எழுத்துரு மாறினால் தேவநாகரி தமிழாகவும், தமிழ் மலையாளமாகவும் மாறவேண்டும் என்பதே கருத்து. அதற்காகத் தேவநாகரி வரிசை அடித்தளமாயிற்று; தென்மொழிச் சிறப்பெழுத்துகள் ஒத்த ஒலியுடைய நாகரி எழுத்தின் அருகில் செருகப்பட்டன. நகரத்தை அடுத்து னகரம், ரகரத்தை அடுத்து றகரம், லகரத்தை அடுத்து ளகரமும் ழகரமும், அவற்றுக்குப் பின் வகரம். 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பு, 1988-ஆம் ஆண்டின் இஸ்கி அமைப்பை அப்படியே பின்பற்றியது. இன்றும் யூனிகோடில் தமிழ்ப் பகுதிக்கும் மலையாளப் பகுதிக்கும் இடைவெளி சரியாக 384 இடங்கள்: தமிழ்க் ககரம் 2965, மலையாளக் ககரம் 3349. ஏனைய எழுத்துகளும் அதே இடைவெளியில் இணையாக நிற்கின்றன.

இவ்வமைப்பில் தமிழ் நகரம் 2984, னகரம் 2985, றகரம் 2993, லகரம் 2994, ழகரம் 2996, வகரம் 2997. புள்ளிக்குரிய எண் 3021. அது உயிர்க்குறிகள் அனைத்துக்கும் பிற்பட்டது. எனவே எண் வரிசையில் னகரம் ழகரத்தை முந்துகிறது, ‘கலை’ ‘கல்வி’யை முந்துகிறது, பாறசாலை பாலராமபுரத்தை முந்துகிறது. மலையாளத்துக்கும் இதே கதிதான். மலையாள அகராதியில் லகரம் றகரத்துக்கு முற்பட்டது. ஆகவே ‘பாலம்’ முன், ‘பாற’ பின். எண் வரிசையிலோ ‘பாற’ முந்திவிடுகிறது. இரு மொழிகளுக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட அட்டவணை இரு மொழிகளின் வரிசைக்கும் உண்மையாக இல்லை.

இவ்வெண் வரிசையே ஷெல்லில் ‘சி’ லோகேல் எனப்படும் அமைவில் வெளிப்படுகிறது. லோகேல் என்பது ஒரு பயனரின் மொழியையும் நாட்டையும் அவற்றுக்குரிய வழக்குகளையும் நிரல்களுக்கு அறிவிக்கும் அமைவு. 1989-ஆம் ஆண்டின் ஏ.என்.எஸ்.ஐ. சி மொழித் தரம் இதற்கான செயற்கூறுகளை வகுத்தது. 1992இல் ஷெல்லுக்கும் அதன் கட்டளைகளுக்குமான போசிக்ஸ் தரம் அவற்றைக் கட்டளை வரிக்குக் கொண்டுவந்தது. மூன்று மாறிகள் இங்கு முக்கியம். ‘லேங்’ என்பது பொதுவான இயல்புநிலை. ‘எல்சி_கொலேட்’ என்பது வரிசைமுறைக்கு மட்டும் உரியது. ‘எல்சி_ஆல்’ என்பது இவ்விரண்டையும் மீறிச் செல்லும் ஆணை. ‘எல்சி_ஆல்’ வெறுமையாயின் ‘எல்சி_கொலேட்’ பார்க்கப்படும். அதுவும் வெறுமையாயின் ‘லேங்’. மூன்றும் இல்லையெனில் பெரும்பாலும் ‘சி’.

‘சி’ அமைவில் ‘சார்ட்’ கட்டளை எழுத்தைப் பார்ப்பதில்லை; பைட்டுகளின் எண்மதிப்பை மட்டுமே பார்க்கிறது. யூ.டி.எஃப்.–8 குறியேற்றத்தின் பைட் வரிசை யூனிகோட் எண் வரிசைக்குச் சமமாதலால், இஸ்கி அட்டவணையின் வரிசையே திரையில் வந்து நிற்கிறது. ஆங்கிலத்துக்கும் இதனால் விளைவு உண்டு: பெரிய எழுத்துகள் அனைத்தும் முடிந்த பின்னரே சிறிய எழுத்துகள் தொடங்கும். ஆங்கில லோகேலை அமைத்தால் அவை கலந்து வரும். ஒரே அடைவின் கோப்புகள் இரண்டு கணினிகளில் இரண்டு வரிசையில் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. கோப்புப் பெயர்களைக் குறிக்கும் உடுக்குறி விரிவும் இதே அமைவுக்குக் கட்டுப்படுகிறது.

தமிழ் லோகேலின் வேலை வேறு வகையானது. அங்கு ஒவ்வோர் எழுத்துக்கும் எண்ணுக்குப் பதிலாக எடை தரப்படுகிறது. ஒப்பீடு எடையின் அடிப்படையில், பல நிலைகளில் நடக்கிறது. யூனிகோட் வரிசைமுறையின் அடிப்படை அட்டவணையிலேயே ழ, ள, ற, ன ஆகியவை வகரத்துக்குப் பின்னர் தமிழ் முறைப்படி நிற்கின்றன; கிரந்த எழுத்துகள் அவற்றுக்குப் பின்னர். மெய்யையும் புள்ளியையும் ஒரே அலகாகக் கொண்டு உயிர்மெய்க்கு முன்வைப்பது மொழிக்குரிய தனிவிதியின் பொறுப்பு. அவ்விதி இருந்தால் ‘கல்வி’ தன் இடத்துக்குத் திரும்பும்.

ஐந்து ஊர்ப்பெயர்களைக் கொண்டு வேற்றுமையைக் காணலாம். தமிழ் எழுத்தில் உள்ள பட்டியலை ‘சி’ அமைவு இவ்வாறு தருகிறது: குன்னத்துக்கால், குழித்துறை, தனுவச்சபுரம், பாறசாலை, பாலராமபுரம். தமிழ் முறை இவ்வாறு தரவேண்டும்: குழித்துறை, குன்னத்துக்கால், தனுவச்சபுரம், பாலராமபுரம், பாறசாலை. தனுவச்சபுரம் மட்டுமே இடம் மாறவில்லை. முதல் வரிசை இவ்வைந்து பெயர்களின் மலையாள வரிசையோடு ஒத்திருப்பது தற்செயல். ‘பாலம்’, ‘பாற’ என்னும் சொற்களைச் சேர்த்தவுடன் அவ்வொற்றுமை குலைந்துவிடும்.

இது அழகியல் சார்ந்த குறை மட்டுமன்று. இரண்டு கோப்புகளை இணைக்கும் ‘ஜாயின்’, ஒப்பிடும் ‘காம்’ ஆகிய கட்டளைகள், இரண்டு கோப்புகளும் ஒரே முறையில் வரிசைப்படுத்தப்பட்டவை என்று நம்பியே இயங்குகின்றன. ஒன்று ‘சி’ அமைவிலும் மற்றொன்று தமிழ் அமைவிலும் அடுக்கப்பட்டிருந்தால் சில பெயர்கள் விடுபட்டுப்போகும். இரண்டு கோப்புகளிலும் இருக்கும் ஒருவர் ஒன்றில் இல்லாதவராகக் காட்டப்படுவார். தரவுத்தளங்களில் இதன் பேரளவு வடிவம் 2018இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்த ஜி.லிப்.சி. 2.28 தன் வரிசை விதிகளைப் புதிய பன்னாட்டுத் தரத்துக்கேற்ப மாற்றியது. பழைய விதிப்படி அடுக்கப்பட்ட போஸ்ட்கிரெஸ் சுட்டுவரிசைகள் புதிய விதிப்படி தேடப்பட்டபோது, இருக்கும் பதிவுகள் கிடைக்காமல் போயின. வரிசை மாறினால் இருப்பதும் இல்லாததாகிவிடும் என்பதை அந்நிகழ்வு உலகெங்கும் உணர்த்தியது.

சட்டத்திலும் இச்சிக்கல் உண்டு. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, போட்டியிடும் வேட்பாளர்களின் பெயர்கள் ஒவ்வொரு வகைக்குள்ளும் அகரவரிசையில் அமையவேண்டும் என்கிறது. எந்த மொழியின் அகரவரிசை? பட்டியல் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் தயாரிக்கப்பட்டால், தேர்தல் ஆணையம் குறிப்பிடும் ஒரு மொழியின் எழுத்துப்படியே வரிசை அமையும் என்பது 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் 10-ஆம் விதி தரும் விடை. ஷெல்லின் ‘எல்சி_கொலேட்’ செய்வதையே அவ்விதி அதற்குப் பல்லாண்டு முன்னரே சட்டமொழியில் செய்திருக்கிறது: பட்டியல் பன்மொழியாக இருக்கலாம், வரிசை ஒன்றாகத்தான் இருக்கமுடியும். இருமொழித் தொகுதி ஒன்றில் ஜகரத்தில் தொடங்கும் பெயரையுடைய வேட்பாளர் மலையாள வரிசையில் பட்டியலின் நடுவில் நிற்பார். தமிழ் அகராதி முறை கொள்ளப்பட்டால் வகரத்தில் தொடங்குபவருக்கும் பின்னால் செல்வார். வாக்குச்சீட்டில் பெயர் நிற்கும் இடம் வாக்குகளைப் பாதிக்குமா என்பது அரசியலறிவியல் நெடுங்காலமாக ஆராயும் வினா. வரிசை நடுநிலையானது என்னும் நம்பிக்கை அங்கேயே ஆட்டங்காண்கிறது.

1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தத்தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. எழுதும் உரிமை சட்டத்தில் உண்டு. எழுதப்பட்டதைத் தேடிக் கண்டெடுக்கும் வழியோ அட்டவணைகளையும் அமைவுகளையும் சார்ந்தது. ஒரே கோப்பில் தமிழ்ப் பெயர்களும் மலையாளப் பெயர்களும் கலந்திருந்தால், ‘சி’ அமைவு தமிழ்ப் பெயர்கள் அனைத்தையும் முதலில் வைத்து, மலையாளப் பெயர்களைப் பின்னர் வைக்கும். இரு எழுத்திலும் பெயர் எழுதப்பட்ட ஒரே மனிதர் பட்டியலின் இரண்டு மூலைகளில் நிற்பார். 1956இல் நிலத்தில் வரையப்பட்ட கோடு பட்டியலிலும் விழுந்துவிடுகிறது.

ஒரே எழுத்துக்குள்ளேயும் பிளவுகள் உண்டு. ‘கொ’ என்னும் எழுத்தை ஒகரக் குறியொன்றாலும் எழுதலாம். எகரக் குறியும் காலும் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ‘சி’ அமைவுக்கு வேறு வேறு. இரண்டாம் முறையில் தட்டச்சான கொல்லங்கோடு ‘கெ’ வருக்கத்தோடு போய்ச் சேர்ந்துவிடும். யூனிகோட் 4.1 பதிப்பு 2005இல் ‘ஶ’ எழுத்தைச் சேர்த்த பின்னர் ‘ஸ்ரீ’ இரண்டு வழிகளில் எழுதப்படலாயிற்று. 2008இல் 5.1 பதிப்பு மலையாளச் சில்லெழுத்துகளுக்குத் தனி எண்கள் வழங்கியதும் அதே நிலை அங்கும் தோன்றியது. தென் திருவிதாங்கூர்ப் பெயர்களில் ஸ்ரீகுமார்களும் சில்லெழுத்தில் முடியும் பெயர்களும் எத்தனை என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அளவு விளங்கும்.

இச்சிக்கலுக்குத் தமிழுலகம் இரண்டு வழிகளை முன்வைத்தது. குறியேற்றத்தையே திருத்துவது முதல் வழி. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடுடன் சேர்த்து ஏற்ற டேஸ்–16 குறியேற்றம் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் தந்து, எண் வரிசையையே அகரவரிசையாக்கியது. எந்த லோகேலும் இல்லாமலேயே சரியான வரிசை கிடைக்கும் என்பது அதன் வலுவான வாதம். எண்ணை மாற்றாமல் விதியால் திருத்துவது இரண்டாம் வழி. உலகின் மென்பொருள்கள் பின்பற்றுவது இதையே. இரண்டாம் வழியின் நியாயம் எல்லைக் கிராமங்களில்தான் தெளிவாகிறது. எண் ஒன்றே இருக்கமுடியும், வரிசைகளோ பலவாகும். சுவீடனில் புள்ளியிட்ட ஆங்கார, ஓங்கார எழுத்துகள் இசட்டுக்குப் பின்னர் வருகின்றன. ஜெர்மனியில் அவையே மூல உயிரெழுத்துகளோடு சேர்கின்றன. ஸ்பானிய மொழிக் கழகங்கள் 1994இல் தம் அகராதி வரிசையையே மாற்றிக்கொண்டன. மாற்றத்துக்கு விதியைத் திருத்தினால் போதுமானதாக இருந்தது, எண்களைத் தொடவேண்டியிருக்கவில்லை. மரபு மாறக்கூடியது என்பதை விதி ஒப்புக்கொள்கிறது, எண் ஒப்புக்கொள்வதில்லை.

ஆனால் இரண்டாம் வழிக்கு ஒரு விலை உண்டு. விதி செயற்படவேண்டுமாயின் யாரோ ஒருவர் அதைத் தேர்ந்தெடுக்கவேண்டும். தேர்ந்தெடுக்காதபோது செயற்படுவது ‘சி’ அமைவு. அது 1980களில் தேவநாகரியை அடித்தளமாகக் கொண்டு வகுக்கப்பட்ட அட்டவணை. இயல்புநிலை என்பது வரலாறு இல்லாத நிலையன்று. எவருடைய வரலாறு என்று எழுதப்படாத நிலை மட்டுமே.

சொல்லடைவு, கல்வெட்டுப் பெயர்த் தொகுதி, ஓலைச்சுவடி அட்டவணை ஆகியவற்றைக் கணினியால் உருவாக்கும் ஆய்வாளர்களுக்கு இதன் நடைமுறைப் பொருள் எளிது. வரிசைப்படுத்துமுன் எழுத்துருக்களை ஒரே வடிவுக்குக் கொணர்தல் வேண்டும். எந்த லோகேலில், எந்தப் பதிப்பில் அடுக்கப்பட்டது என்பதை முன்னுரையில் குறிப்பிடல் வேண்டும். ‘கல்வி, கலை’ போன்ற சில சொற்களால் விளைவைச் சோதித்தல் வேண்டும். கணினிகளுக்கிடையே கோப்புகள் இணையும் இடைநிலை வேலைகளுக்கு ‘சி’ அமைவே பாதுகாப்பானது. மனிதர் படிக்கும் இறுதிப் பட்டியலுக்கு மொழியின் அமைவு இன்றியமையாதது. தமிழும் மலையாளமும் கலந்த தரவாயின், எவ்வரிசை கொள்ளப்பட்டது, ஏன் என்பதை ஒரு வரியிலேனும் எழுதிவைக்கவேண்டும். குழித்துறையைத் தேடி வருபவர் அதைக் காண்பதும் காணாமல் திரும்புவதும் அந்த ஒரு வரியைச் சார்ந்தது.